கிணற்றுப் பதிவும் பாறை வலிமையும்: ஒரு மதிப்பீடு

எண்ணெய்க் கிணறு துளைப்போர்க்குப் பாறையின் நெருக்கல் வலிமையை அறிதல் இன்றியமையாதது; அதனைத் தவறாகக் கணித்தால் கிணற்றுச் சுவர் இடிந்து துளைகருவி உள்ளே சிக்குண்ணும். ஆழத்துப் பாறையை மாதிரியாக வெட்டியெடுத்து நசுக்கிப் பார்ப்பதே நேரிய வழி. ஆயின் அதற்குச் செலவு மிகுதி. எனவே, ஓர் அடிப் பாறையை ஒலி கடக்கும் நேரத்தைக் கிணற்றினுள் இறக்கிய கருவியால் பதிந்து, அதனின்று வலிமையை உய்த்துணர்வர். இறுகிய பாறையில் ஒலி விரைந்தும், நொய்ந்த பாறையில் மெதுவாகவும் செல்லும் என்பதே இதன் அடிப்படை.

இம்முறை பயனுடையதே, எனினும் அதன் வாய்பாடுகளை இயற்கை விதிகளெனக் கொள்ளல் பொருந்தாது. 1987இல் மக்னலி அவுஸ்திரேலியாவின் போவன் வடிநிலத்து நுண்மணி மணற்கற்களுக்கு ஒரு வாய்பாடு தந்தார். 2001இல் ஹோர்ஸ்ருட் வடகடலின் களிப்பாறைகளுக்கு வேறொன்று தந்தார். ஒலி ஓர் அடியை 100 மைக்கிரோசெக்கனிற் கடக்குமாயின், முன்னது வலிமையை ஏறத்தாழ 33 மெகாபாஸ்கல் என்னும். பின்னது 20 என்னும். இரண்டும் தத்தம் பாறைக்கு உரியன. மணற்கல்லின் வாய்பாட்டைக் களிப்பாறைக்குப் புகுத்துவோர் மென்மையை வன்மையென மயங்குவர்.

காரணம் யாது? ஒலி அறிவிப்பது பாறையின் விறைப்பை. வலிமையோ பாறை உடையும் நிலையைச் சார்ந்தது. மணிகளைப் பிணைக்கும் பொருளும் நுண்வெடிப்பும் இவ்விரண்டையும் ஒரே அளவில் மாற்றுவதில்லை.

2006இல் சாங், சோபாக், கக்சார் ஆகியோர் 31 வாய்பாடுகளை ஆராய்ந்து, எதனையும் அவ்வவ்விடத்து மாதிரிகளாற் சரிபார்த்தே கையாளல் வேண்டுமென வலியுறுத்தினர். அம்முடிவே ஏற்புடையது. சில மாதிரிகளையேனும் நசுக்கிப் பாராது, பதிவை மட்டும் நம்பிக் கணித்த வலிமை வெறும் ஊகமேயாகும்.