புல்தரைக் குறிப்புகளில் விடுபட்ட எண்

வெயில் மிகுந்த ஊரில் புல்தரை வளர்ப்பது எப்படி என்று கூறும் குறிப்புகளை நீங்கள் படித்திருப்பீர்கள். வார இதழ்களின் வீட்டுத் தோட்டப் பக்கங்களிலும், நர்சரிகளில் கொடுக்கும் துண்டுத் தாள்களிலும், இப்போது கைப்பேசியிலும் அவை தாராளமாகக் கிடைக்கின்றன. காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும். நண்பகலில் தெளித்தால் இலை கருகும். கம்பளம்போல் ஒட்ட வெட்டிவிட வேண்டும். இம்மூன்று விதிகளும் அவற்றில் தவறாமல் இடம்பெறும். எழுதுபவர்கள் அனுபவசாலிகளாகவே இருக்கலாம். ஆயினும் இயற்பியல் கற்பிக்கிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. எவ்வளவு நீர் என்ற கேள்விக்கு இவற்றில் எண்ணே இல்லை. ‘போதுமான அளவு’, ‘நன்கு நனையும்படி’ என்பதோடு சரி.

இது கிடைக்காத எண் அன்று. 1948இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பென்மன் என்னும் இயற்பியலறிஞர், திறந்த நீர்ப்பரப்பு, வெறும் மண், புல்தரை ஆகியவற்றிலிருந்து நீர் ஆவியாகும் வேகத்தைக் கணக்கிட ஒரு வாய்பாட்டை வெளியிட்டார். கதிரவனின் ஆற்றல், காற்றின் வேகம், ஈரப்பதம், வெப்பநிலை ஆகியவை தெரிந்தால் போதும். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1998இல் வெளியிட்ட வழிமுறையில், நீர்க்குறைவே இல்லாத, 12 செ.மீ. உயரமுள்ள ஒரு கற்பனைப் புல்தரைதான் அளவுகோல். நெல்லுக்கும் கரும்புக்கும் வேண்டிய நீரைக்கூட அந்தப் புல்லோடு ஒப்பிட்டே கூறுகிறார்கள். அளவுகோலாகவே விளங்கும் ஒரு பயிரைப் பற்றி எழுதுகிறவர்கள் அளவைக் கூறாமல் விடுவது வேடிக்கைதான்!

நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் மே மாதத்தில் ஒரு சதுர மீட்டர் தரையில் நாளொன்றுக்குச் சுமார் 20 மெகாஜூல் கதிரவ ஆற்றல் விழுகிறது. ஒரு கிலோகிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2.45 மெகாஜூல் தேவை. ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்று நீங்கள் பாடத்தில் படிப்பது இதுவே. விழும் ஆற்றல் முழுவதும் இதற்கே செலவானால் 8 கிலோகிராம் நீர் ஆவியாகும். ஆனால் ஒரு பகுதியைப் புல் எதிரொளித்துவிடுகிறது. இன்னொரு பகுதி வெப்பக் கதிர்களாக வானுக்குத் திரும்புகிறது. எஞ்சியதைக்கொண்டு பார்த்தால் 5 அல்லது 6 கிலோகிராம் ஆகும். ஒரு சதுர மீட்டரில் ஒரு கிலோகிராம் நீர் 1 மி.மீ. உயரம் நிற்கும், ஆகவே தேவை நாளொன்றுக்கு 5 முதல் 6 மி.மீ. வரை.

அருகு, கொரியன் புல் போன்ற வெப்ப நாட்டுப் புற்களுக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. கரும்பையும் மக்காச்சோளத்தையும் போல் இவை சி-4 வகைத் தாவரங்கள். இலைத்துளைகளைக் குறைவாகத் திறந்தே வேண்டிய கரியமில வாயுவை ஈர்க்க வல்லவை. அளவுகோல் புல்லின் தேவையில் ஏறத்தாழ 60 சதவீதம் இவற்றுக்குப் போதும். 3.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கால் கிரவுண்டு புல்தரை, அதாவது 600 சதுர அடி, 56 சதுர மீட்டர் ஆகும். ஆக நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 லிட்டர்.

நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டுக் குடிநீர்த் திட்டங்களின் நெறி. எனவே அந்தச் சிறு புல்தரை வீட்டில் கூடுதலாக ஒன்றரை ஆள் இருப்பதற்குச் சமம். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு, சென்னையில் லாரித் தண்ணீருக்காக மக்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். அந்த மாதத்தில் ‘போதுமான அளவு’ என்பதற்கு என்ன பொருள்?

இனி அந்த விதிகளுக்கு வருவோம். நண்பகலில் தெளித்த நீர்த்துளி குவிவில்லைபோல் ஒளியைக் குவித்து இலையை எரித்துவிடும் என்கிறார்கள். கேட்பதற்கு இயற்பியல்போலவே இருக்கிறது! நீரின் ஒளிவிலகல் எண் 1.33. முழுக்கோளமான துளியின் குவியம், அதன் மையத்திலிருந்து ஆரத்தைப்போல் இருமடங்குத் தொலைவில் அமையும். கோளப் பரப்பில் ஒளிவிலகல் படித்த மாணவர் எவரும் இதை வருவித்துவிடலாம். இலைமேல் படிந்த துளியோ தட்டையானது. அதன் குவியம் இன்னும் தள்ளிப்போகும். இலை துளியை ஒட்டியே இருப்பதால் குவியத்தை எட்டுவதில்லை. துளி இலையைக் குளிர்விக்கவும் செய்கிறது. ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழவழப்பான இலைமேல் வைத்த கண்ணாடிக் கோளங்கள் இலையைக் கருக்கின, நீர்த்துளிகள் கருக்கவில்லை. மயிர்கள் துளியைத் தூக்கிப் பிடிக்கும் சால்வீனியா என்னும் நீர்ப்பெரணியில்தான் கருகல் கண்டது. நண்பகலில் தெளிக்கக் கூடாது என்பது சரியே. காரணம் கருகல் அன்று. வெயிலிலும் காற்றிலும் நீர் வீணாகிறது என்பதே.

தினம் இருவேளை தெளிப்பது இதைவிடத் தீங்கானது. 2 மி.மீ. நீர் மேல்மண்ணை ஒன்றிரண்டு செ.மீ. ஆழம்தான் நனைக்கும், அதுவும் முதலில் ஆவியாகிவிடும். வேர்களும் அந்த ஈரத்தை நாடி மேலேயே தங்கிவிடுகின்றன. பிறகு மோட்டார் இரண்டு நாள் பழுதானால் புல் வாடுகிறது. அதே நீரைச் சேர்த்து 20 மி.மீ. ஆக, ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை, விடியற்காலையில் விட்டால் மணற்பாங்கான மண்ணிலும் ஒரு சாணளவு இறங்கும். தெளிப்பானின் கீழ் நேரான பக்கமுள்ள சில தகர டப்பாக்களை வைத்து, அவற்றில் 2 செ.மீ. நீர் சேர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். களிமண்ணில் நீர் வழிந்தோடினால் இரண்டு தவணையாக விடலாம். ஒட்ட வெட்டும் விதியையும் கோடையில் விட்டுவிடுங்கள். 4, 5 செ.மீ. புல் தன் நிழலாலேயே மண்ணைக் காக்கும்.

இக்குறிப்புகளின் அடிப்படைக் குறை வேறொன்று. பச்சை நிறமே நலம் என்று அவை கொள்கின்றன. இது இங்கிலாந்துத் தோட்டத்தின் கருத்து. லண்டனில் ஆண்டு மழை சுமார் 600 மி.மீ. என்றாலும் எல்லா மாதங்களிலும் பெய்கிறது. சென்னையில் அதைப்போல் இருமடங்குக்கு மேல் பெய்கிறது. ஆனால் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மேயில் பழுப்பாகும் அருகு இறந்துவிடவில்லை. மண்ணுக்கடியில் தண்டு உயிரோடு உறங்குகிறது. மாதம் ஓரிரு முறை நனைத்தால் போதும். மழை வந்ததும் துளிர்த்துவிடும். இதை உழவர்களிடம் கேளுங்கள். கரிசல் நிலத்தில் அருகை அழிக்க அவர்கள் படும் பாட்டைச் சொல்வார்கள். நகரத்தில் நாம் அதே புல்லுக்குப் பயந்து பயந்து நீர் தெளிக்கிறோம்!

எந்த மாதத்தில் நடுவது என்பதையும் பல குறிப்புகள் கூறுவதில்லை. கோடை விடுமுறையில் நட்டால் வேர் பிடிக்கும்வரை தினமும் நீர் வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயத்தில் நட்டால் அந்த வேலையை மழையே பார்த்துக்கொள்ளும். தை பிறப்பதற்குள் வேர் ஆழமாக இறங்கியிருக்கும்.