முக்காடும் சுவரொட்டியும்: பாமுக்கின் 'பனி'

ஓரான் பாமுக் 2002-இல் வெளியிட்ட துருக்கிய நாவல் 'பனி' என்ற பெயரில் தமிழிலும் வந்துள்ளது. அதனை விசுவாசத்திற்கும் அவிசுவாசத்திற்கும் இடையே நிகழும் போராட்டமாக வாசிப்போர் பலர். நாமும் முதலில் அவ்வாறே வாசித்தோம். மறுமுறை வாசிக்கையில் ஒரு சுவரொட்டி நம்மைத் தடுத்து நிறுத்திற்று.

துருக்கியின் வடகிழக்கு எல்லையிலுள்ள வறிய நகரம் கார்ஸ். அங்கே இளம் பெண்கள் தற்கொலை செய்துகொள்கின்றனர். அவர்களுள் ஒருத்தி, முக்காட்டை நீக்க மறுத்ததால் கல்விக்கூடத்தினின்று விலக்கப்பட்டவள். இதைக் குறித்து எழுதுவதற்கென்று, ஃபிராங்ஃபர்ட்டில் வாழ்ந்து திரும்பிய கவிஞன் கா அங்கு வருகிறான். தற்கொலை இறைநிந்தை என எச்சரிக்கும் சுவரொட்டிகளை அவன் காண்கிறான். அவற்றை ஒட்டுவித்தது அரசு. கடவுளுக்குக் கீழ்ப்படிகிறேன் என்றவளை வாயிலில் தடுத்த அதே அரசு, கடவுளின் பெயரால் சாகாதே என்கிறது.

இது நாவலாசிரியரின் குறும்பு அன்று. 1924 மார்ச் 3 அன்று கலீபா பதவியை ஒழித்த குடியரசு, அதே நாளில் சமய அலுவல் தலைமையகத்தையும் நிறுவிற்று. இமாம்கள் அரசு ஊதியம் பெறலாயினர். 1932 முதல் 1950 வரை தொழுகை அழைப்பும் அரபியில் அன்றித் துருக்கி மொழியில் ஒலித்தது. 1937-இல் சமயச் சார்பின்மை அரசமைப்பில் இடம்பெற்றது. அங்கே அச்சொல் சமயத்தைவிட்டு அரசு விலகி நிற்பதைக் குறிக்கவில்லை. சமயத்தை அரசு தன் கண்காணிப்பில் வைத்திருப்பதையே குறித்தது.

நாவலின் சிறந்த பகுதி பலகாரக் கடை உரையாடலே. கல்வி நிறுவன இயக்குநரிடம் ஓர் அந்நியன் மரியாதையோடு வினாக்கள் தொடுக்கிறான். முடிவில் சுட்டுக் கொல்கிறான். அரசாணையைச் சொல்லித் தம்மைக் காத்துக்கொள்ள முயலும் அவ்வதிகாரியை நாம் வெறுக்க இயலவில்லை. கொலைஞனின் வேத அறிவு நம்மை நடுங்கச் செய்கிறது.

ஆயினும் நமக்குக் குறையொன்று உண்டு. முக்காடிட்ட கதிஃபேயும் முக்காடிடாத அக்காள் இபெக்கும் பழைய இடதுசாரியான தந்தையோடு ஒரே வீட்டில் வாழ்கின்றனர். மாலையில் அவ்வீட்டார் மெக்ஸிகோ நாட்டுத் தொலைக்காட்சித் தொடரை ஒன்றாகக் காண்கின்றனர். துருக்கியரின் அன்றாடச் சமய வாழ்வு அவ்வறையிலன்றோ உள்ளது! ஆசிரியரோ அங்கே தங்காமல் நாடக மேடைக்கும் துப்பாக்கிக்கும் விரைகிறார். காவின் இறைத்தேடலும் காதலிலும் கவிதையிலும் கரைந்துபோகிறது. அயலானற்ற அக்கடவுள் நம்மைக் கவரவில்லை.

2010-க்குப் பின் பல்கலைக்கழகங்களில் தடை தளர்ந்தது. 2013-இல் பெரும்பாலான அரசு அலுவலகங்களிலும் நீங்கிற்று. ஆகவே நாவல் பழையதாயிற்று என்பாருளர். நாம் உடன்படோம். முக்காட்டைக் குறித்த ஆணை மாறிற்று. ஆணையிடும் தலைமையகமோ வளர்ந்தது. வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் இன்றும் அங்கிருந்தே மசூதிகளுக்குச் செல்கிறது.

இறையியற் கல்லூரியில் கற்பிக்கும் நமக்கு 1971-ஆம் ஆண்டும் நினைவுக்கு வருகிறது. தனியார் உயர்கல்வி அரசின் கைக்குள் வந்த அவ்வாண்டில், ஹெய்பெலியாதா தீவிலிருந்த கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் இறையியற் கல்லூரி மூடப்பட்டது. இமாம்களுக்கான பள்ளிகளை அரசே நடத்திவந்த காலம் அது. பாமுக் இதைத் தொடவில்லை. கார்ஸில் ஆர்மீனியர் விட்டுச்சென்ற பழைய வீடுகளை மட்டும் பனியினூடே காட்டிவிட்டு அப்பால் நகர்கிறார்.