நான்காம் இடத்துக்கு ஒலிம்பிக் டிக்கெட்

அமெரிக்க ஃபிகர் ஸ்கேட்டிங் தேர்வுக் குழுவுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் எந்த வழியாகக் கிளம்பினாலும் கடைசியில் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: குழு அனுப்பியவர் போய் நன்றாகத்தானே ஆடினார்? 2022 தேசியப் போட்டியில் நான்காவதாக வந்த ஜேசன் பிரவுனை பெய்ஜிங்குக்கு அனுப்பினார்கள். இரண்டாவதாக வந்த பதினேழு வயது இலியா மாலினினை வீட்டில் உட்கார வைத்தார்கள். பிரவுன் ஒரு குவாட் (நான்கு சுழற்சி) தாவல்கூட இல்லாமல் ஆறாம் இடம் பிடித்தார். மாலினினோ அடுத்த மாதம் மோன்பெலியே உலகப் போட்டியில் ஒன்பதாம் இடத்துக்கு இறங்கினார். கணக்கு தீர்ந்தது என்கிறார்கள்.

தீரவில்லை. அதே மாலினின் அந்த ஆண்டு செப்டம்பரிலேயே, அதுவரை போட்டியில் யாரும் செய்து முடிக்காத குவாட் ஆக்ஸலை லேக் பிளாசிடில் செய்து காட்டினார். 2024, 2025 இரண்டு ஆண்டும் உலகச் சாம்பியன் ஆனார். குழு தேர்ந்தெடுத்த மூவரில் ஒருவரான வின்சென்ட் ஜோவால் பெய்ஜிங்கில் கோவிட் தொற்றால் தனிநபர் போட்டியில் இறங்கவே முடியவில்லை. இதில் எதையும் ஜனவரியில் யாரும் அறிந்திருக்க முடியாது. பிறகு நடந்ததை வைத்து முடிவைப் பாராட்டுவதானால், பிறகு நடந்ததை வைத்தே அதைத் திட்டவும் செய்யலாம். இரண்டும் வீண் வேலை.

குழுவின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான்கு நிமிட ஆட்டத்தில் இரண்டு முறை விழுந்தால் ஓராண்டு உழைப்பு போய்விடும் என்பது கொடுமைதான். 1994இல் முழங்காலில் அடிபட்டதால் தேசியப் போட்டியில் ஆடவே முடியாத நான்சி கெரிகனுக்கு, இரண்டாவதாக வந்த பதின்மூன்று வயது மிஷெல் குவானின் இடத்தைக் கொடுத்தது சரி. கெரிகன் லில்லஹாமரில் வெள்ளி வென்றார். இன்னொன்று, ஒரு நாட்டுக்கு எத்தனை இடம் என்பது பெரும்பாலும் முந்தைய ஆண்டின் உலகப் போட்டியில் முடிவாகிறது. 2021 ஸ்டாக்ஹோமில் பிரவுன் ஏழாவதாக வந்தார். ஜோ அந்த இலையுதிர் காலத்தில் தகுதிப் போட்டியான நேபல்ஹார்ன் கோப்பையை வென்று நாட்டுக்கு மூன்றாவது இடத்தை உறுதி செய்தார். இடத்தைச் சம்பாதித்தவனுக்கு அதில் உரிமை உண்டு என்பது கேட்க நன்றாகவே இருக்கிறது.

ஆனால் 2018ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஆண்களுக்குக் கிடைத்த மூன்று இடங்களும் முந்தைய ஆண்டு ஹெல்சிங்கி உலகப் போட்டியில் ஆறாவது வந்த நேதன் சென்னும் ஏழாவது வந்த இதே ஜேசன் பிரவுனும் சம்பாதித்தவை. சான் ஹொசேயில் நடந்த தேசியப் போட்டியில் பிரவுன் ஆறாவதாக வந்தார்; அணியில் இடமில்லை. இரண்டாவதாக வந்த ராஸ் மைனருக்கும் இடமில்லை. இடம் போனது நான்காவதாக வந்த ஆடம் ரிப்பனுக்கு. அவர் பாதம் உடைந்ததால் ஹெல்சிங்கிக்கே போகாதவர். அதோடு விடவில்லை. மாற்று வீரர்கள் பட்டியலில் ஆறாவது வந்த பிரவுன் முதலில், வெள்ளி வென்ற மைனர் அவருக்குப் பின்னால். மைனர் ஒலிம்பிக் பனியில் கால் வைக்காமலேயே ஓய்வு பெற்றார்.

சரி, சம்பாதித்தது அளவுகோல் இல்லை, அனுபவம்தான் என்பார்கள். 2014 பாஸ்டன் தேசியப் போட்டியில் ஆஷ்லி வாக்னர் ஃப்ரீ ஸ்கேட்டில் இரண்டு முறை விழுந்து நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்தவர் மிராய் நாகாசு. இருவரில் ஒலிம்பிக் ஆடியிருந்தவர் நாகாசுதான். 2010 வான்கூவரில் நான்காம் இடம். சோச்சிக்குப் போனவர் வாக்னர். விட்டுப்போன நாகாசு அன்றைய காட்சி ஆட்டத்தில் அழுதுகொண்டே ஆட, அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஆக, ஒரு நான்காம் இடத்துக்கு உரிமை, இன்னொன்றுக்கு அனுபவம், மற்றொன்றுக்கு அந்த சீசனின் ஃபார்ம். மொத்தச் சாதனை என்று குழு சொல்லும் ஒரே தலைப்பின் கீழ் இவை எல்லாம் வசதியாக அடங்கிவிடுகின்றன.

என் பழைய ஆட்சேபம் இங்கேதான் தொடங்குகிறது. நீச்சலிலோ ஓட்டத்திலோ ஓராண்டுப் பதிவுகளைக் கூட்டிப் பார்த்து ஆளெடுப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் குறை சொல்ல அதிகம் இருக்காது. கடிகாரத்துக்கு ஓடுபவரின் பெயர் தெரியாது. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் கடிகாரம் கிடையாது. ஒரு தாவலின் சுழற்சி முழுமையாக இருந்ததா, சரியான விளிம்பிலிருந்து கிளம்பியதா என்பதை ஒரு தொழில்நுட்பக் குழு மெதுவாக ஓட்டிப் பார்த்துச் சொல்லும். அந்தப் பாதி பரவாயில்லை. மறுபாதி காம்பொனென்ட் மதிப்பெண். ஸ்கேட்டிங் திறன், ஆட்ட அமைப்பு, அரங்கில் அதை வெளிப்படுத்தும் விதம் என்று 2022 வரை ஐந்து தலைப்புகள், இப்போது மூன்று. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று நடுவர்கள் கால் புள்ளிப் படிகளில் போடுகிறார்கள். எட்டேகாலுக்கும் எட்டே முக்காலுக்கும் நடுவில் இருப்பது என்ன என்று யாரும் திரையில் நிறுத்திக் காட்ட முடியாது.

அந்த இடைவெளியில்தான் பெயர் வந்து உட்காருகிறது. சீனியர் பிரிவுக்குப் புதிதாக வந்த பையன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் முதல் சீசனில் காம்பொனென்ட் மதிப்பெண் தயங்கித் தயங்கித்தான் ஏறும். நடுவர்கள் ஐந்து வருடமாகப் பார்த்துப் பழகியவர் தடுமாறி விழுந்து எழுந்தாலும் அவருடைய மதிப்பெண் அவ்வளவாக இறங்காது. இதைச் சதி என்று நான் சொல்லவில்லை. நடுவர்களும் மனிதர்கள், பழகிய ஆட்டத்தின் அழகு கண்ணுக்குச் சட்டென்று தெரியும், புதிய ஆட்டத்தின் அழகு தெரிய நாளாகும். ஆனால் தேர்வுக் குழு இந்த மதிப்பெண்களையே ஓராண்டுக்குச் சேகரித்து, இவைதான் நிலையான தரத்துக்குச் சாட்சி என்று மேசையில் வைத்து, கூடவே ஆடுபவரின் பெயருக்கும் தனியாக ஒரு மதிப்பு போட்டுக்கொள்கிறது. பெயருக்கு நடுவர்கள் ஏற்கெனவே வட்டி கொடுத்துவிட்டார்கள். குழு கொடுப்பது அந்த வட்டிக்கு வட்டி.

இப்போது மாலினின் கணக்கைத் திரும்பப் பாருங்கள். நாஷ்வில்லில் நடந்த அந்த 2022 தேசியப் போட்டியில் அவருக்கு 302.48, பிரவுனுக்கு 289.78. புதியவர் என்ற பாதகத்தோடுதான் பன்னிரண்டு புள்ளிகளுக்கு மேல் முந்தினார். அவருடைய கடந்த காலப் பதிவு மெலிந்திருந்தது உண்மைதான். எப்படிக் கனத்திருக்கும்? 2020-21 ஜூனியர் கிராண்ட் பிரீ தொடர் பெருந்தொற்றால் முழுதாக ரத்தானது. 2021 ஜூனியர் உலகப் போட்டியும் ரத்து. அந்த டிசம்பரில் ஒசாகாவில் நடக்கவிருந்த கிராண்ட் பிரீ இறுதிப் போட்டியும் ரத்து. நடக்காத போட்டிகளில் ஆடவில்லை என்பதற்காக ஒருவரை அனுபவம் போதாதவர் என்று எழுதி ஒதுக்குவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். பெய்ஜிங்குக்கு மறுத்துவிட்டு, உடனே உலகப் போட்டி அணியில் அவரைச் சேர்த்தார்கள். உலகப் போட்டிக்குப் போதுமான அனுபவம் ஒலிம்பிக்குக்கு எப்படிப் போதாமல் போகும் என்பதற்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

குழுவிடம் எழுதிய விதிகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்தெந்தப் போட்டி கணக்கில் வரும் என்று படிப்படியாக அடுக்கிய பட்டியல் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலை வைத்து வெளியிலிருக்கும் ஒருவர் தானே கூட்டிக் கழித்து இன்னாருக்குத்தான் மூன்றாவது இடம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தால் குழு எதற்கு என்று கேட்பார்கள். அதைத்தான் நானும் கேட்கிறேன். கதவை மூடிய அறை எவ்வளவு தூரம் போகும் என்பதை 2014இல் ரஷ்யா காட்டியது. ஆண்களுக்கு ஒரே இடம். தேசியப் போட்டியில் வென்றவர் மக்சிம் கோவ்துன். ஐரோப்பியப் போட்டியில் அவர் ஐந்தாவதாக வந்ததும், யெவ்கெனி பிளுஷென்கோ கூட்டமைப்பு அதிகாரிகள் முன்னால் கதவடைத்து ஒரு முறை ஆடிக் காட்டினார், இடம் அவருக்கு. குழுப் போட்டியில் தங்கம் வந்தது. தனிநபர் போட்டியில் ஷார்ட் புரோகிராமுக்கு முந்தைய பயிற்சியிலேயே அவர் விலகினார். போட்டியை நடத்திய நாட்டுக்கே ஆண்கள் பிரிவில் ஆளில்லை.

மாற்று வழி என்ன என்று கேட்பவர்கள் தென்கொரியாவைப் பார்க்கலாம். 2018க்கு அவர்கள் மூன்று தகுதிப் போட்டிகள் வைத்து மூன்றின் மதிப்பெண்களையும் கூட்டினார்கள். ஆண்களுக்கு இருந்த ஒரே இடத்தை நேபல்ஹார்னில் ஆடி நாட்டுக்குப் பெற்றுத் தந்தவர் லீ ஜுன்ஹியோங். இரண்டு போட்டிகள் முடிந்தபோது 27 புள்ளிகளுக்கு மேல் முன்னால் நின்றவரும் அவரே. கடைசிப் போட்டியில் சா ஜுன்ஹுவான் அத்தனையையும் எட்டிப் பிடித்து, கூட்டுத்தொகையில் 2.13 புள்ளியில் இடத்தை வாங்கினார். லீயின் நிலையை நினைத்தால் வயிறு எரியும். ஆனாலும் தான் எதனால் தோற்றோம் என்பதைத் தசம புள்ளி வரை அவர் படித்துப் பார்க்க முடியும். ஒரே இரவின் விபத்து எல்லாவற்றையும் கவிழ்க்கக்கூடாது என்ற கவலைக்கும் அங்கே பதில் இருக்கிறது. ஒன்றுக்கு மூன்று இரவுகள். பெயரின் எடை அங்கேயும் நடுவர் மேசையில் விழத்தான் செய்யும், ஆனால் ஒரே தடவைதான் விழும். அடிபட்டு ஆட முடியாதவருக்கு மட்டும் ஒரு விலக்கை முன்னதாகவே எழுதி வைத்துவிட்டால் கெரிகன் கேள்வியும் தீர்ந்தது.

மறுபடியும் 2018 சான் ஹொசே. பெண்கள் பிரிவில் ஆஷ்லி வாக்னர் மறுபடியும் நான்காவது. காம்பொனென்ட் மதிப்பெண்ணைப் பார்த்துக் கோபம் தலைக்கேறிவிட்டது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். 2014க்கு முந்தைய உலகப் போட்டியில் ஐந்தாவதாக வந்து அமெரிக்காவுக்கு மூன்று இடம் கிடைக்க உதவியவர் அவர். 2018க்கு முந்தைய ஆண்டு ஏழாவதாக வந்து மறுபடியும் அதையே செய்தவர். நடுவில் 2016இல் உலக வெள்ளி வேறு. இந்த முறை குழு முதல் மூவரை அப்படியே அனுப்பியது. இரண்டாவதாக வந்த நாகாசு தென்கொரியா போய் குழுப் போட்டியில் ட்ரிபிள் ஆக்ஸல் ஆடினார். வாக்னர் மாற்று வீராங்கனையாக ஊரில் இருந்தார். பெண்கள் பிரிவில் வரிசைப்படி ஆளெடுத்த அதே அமைப்பு, அதே ஊரில், அதே வாரத்தில்தான் ஆண்கள் பிரிவில் மைனரைத் தாண்டி ரிப்பனை எடுத்தது.