நான் எதையும் பிடித்து வைக்கவில்லை

டெபியன் 13 லினக்ஸ் ஏற்றி இரண்டு மாதம் ஆகிறது. ஏற்றியது 2012-இல் வாங்கிய, நாலு ஜிபி ராம் உள்ள, கீபோர்டில் பாதி எழுத்து தேய்ந்துபோன லேப்டாப்பில். வேகம் எப்படி என்று கேட்டால், முன்பு எப்படியோ அப்படியே. பழைய டெபியன்காரனிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது. டெம்ப் கோப்புறையை இப்போது ராமுக்குள் வைக்கிறார்கள், பாதி ராம் வரை அது வளரலாம். நாலு ஜிபிக்காரர்கள் ஒரே கட்டளையில் அதை நிறுத்திவிடலாம். எனக்கு ஆறாதது வேறு. பதிப்பு மாறும்போது வந்த ஒரு வரி.

12-ஆம் பதிப்பான புக்வோர்மிலிருந்து 2025 ஆகஸ்டில் வந்த டிரிக்ஸிக்குத் தாண்டுவது சொல்வதற்கு எளிது. சோர்ஸ் பட்டியலில் ஒரு பெயரை அழித்து இன்னொன்றை எழுதி, இரண்டு கட்டளை தட்ட வேண்டும். (எல்லாம் 'டாய் ஸ்டோரி' படத்துப் பெயர்கள். எப்போதும் மாறிக்கொண்டே இருக்கும் பதிப்புக்கு சிட் என்று பெயர். படத்தில் பொம்மைகளை உடைக்கும் பையன்.) தட்டினேன். பேக்கேஜ்களை ஏற்றி இறக்கும் ஆப்ட் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னது: சரிசெய்ய முடியவில்லை, உடைந்த பேக்கேஜ்களை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள்.

நான் எதையும் பிடித்து வைக்கவில்லை. ஹோல்ட் போட்ட பேக்கேஜ்களைக் காட்ட ஒரு கட்டளை உண்டு. கொடுத்துப் பார்த்தேன், ஒரு வரிகூட வரவில்லை. மறுபடி முயன்றால் மறுபடி அதே குற்றச்சாட்டு. கவுன்டரில் "உங்க கார்டுலதான் ஏதோ பிரச்சினை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்களே, அந்தத் தொனி.

பிடித்து வைத்திருந்தது ஒரு எண். அம்மாவின் பழைய பாட்டு டிவிடிகளை ஓட்டுவதற்காக 2023-இல் வெளியார் ரெப்போ (பேக்கேஜ் கிடங்கு) ஒன்றைச் சேர்த்திருந்தேன். வீடியோ லைப்ரரிகள் அங்கிருந்து வந்து உட்கார்ந்துவிட்டன. டெபியனில் பதிப்பு எண்ணுக்கு முன்னால் இன்னோர் எண்ணும் கோலனும் வரலாம், ஈபாக் என்பார்கள். அது பெரிதாக இருந்தால் பின்னால் என்ன இருந்தாலும் ஆப்ட் திரும்பிப் பார்க்காது. அந்த லைப்ரரிகள் வரும் எஃப்எஃப்எம்பெக்குக்கு டெபியனின் ஈபாக் 7. அந்த ரெப்போக்காரர்கள் அதைவிடப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஆக, டிரிக்ஸியின் புத்தம்புது எஃப்எஃப்எம்பெக் 7.1 என் மெஷினின் கணக்கில் அரதப்பழசு. ஆப்ட் தானாகக் கீழே இறங்காது. புதிய பேக்கேஜ்களோ டெபியனின் லைப்ரரிதான் வேண்டும் என்கின்றன. ரெப்போ வரியை முன்பே நீக்கிவிட்டோம் என்று நான் நிம்மதியாக வேறு இருந்தேன். பெயர்ப்பலகையைக் கழற்றினால் குடியிருப்பவர் காலி செய்துவிடுவாரா?

பட்டியலை மறுபடி புக்வோர்முக்கே மாற்றி, டெபியனுக்கு 1001 என்று முன்னுரிமை எழுதினேன். ஆயிரத்தையாவது எட்டினால்தான் ஆப்ட் பழைய எண்ணுக்கு இறங்கச் சம்மதிக்கும். பதினாலு பேக்கேஜ் இறங்கின. முன்னுரிமையை அழித்துவிட்டு டிரிக்ஸி என்று எழுதினேன், தாண்டிவிட்டது. வெளியார் பேக்கேஜ்களை முதலில் களையச் சொல்லி வெளியீட்டுக் குறிப்பிலேயே இருக்கிறது. படிக்காதது என் தப்பு. ஆனாலும், "இது டெபியனுடையது இல்லை" என்று அந்த வரியில் மூன்று சொல் சேர்த்திருந்தால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும்.

இதற்கு நடுவில் ஒரு கண்டமும் தப்பியது. 2038 ஜனவரி 19-இல் 32 பிட் நேரக் கணக்கு நிரம்பிவிடும் என்பதால், டிரிக்ஸியில் ஏகப்பட்ட லைப்ரரிகளின் பெயருக்கு 'டி64' என்று வால் முளைத்திருக்கிறது. என் 64 பிட் மெஷினுக்கு அந்தப் பயமே இல்லை, பெயர் மாற்றம் மட்டும் வந்தது. பழைய பெயர்கள் எல்லாம் நீக்கும் பட்டியலில் வரிசை கட்டும். நீளமாகத்தானே இருக்கும் என்று 'ஒய்' தட்டப் போனவன், கூட்டத்துக்குள் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பும் நிற்பதைக் கடைசி நொடியில் பார்த்தேன்.

இப்போது இருப்பது ஆப்ட் 3.0. நீக்கப் போவதைச் சிவப்பில், பத்தி பிரித்து, பளிச்சென்று காட்டுகிறது. ஆனால் தாண்டும்போது ஓடுவது பழைய 2.6, சிவப்பு வந்து சேர்வது நாம் கரையேறிய பிறகு.

அம்மாவின் டிவிடிகளைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றிலும் நகலைத் தடுக்கும் பூட்டு இல்லை. டெபியனின் சொந்த விஎல்சியே எல்லாவற்றையும் ஓட்டுகிறது. 2023-இலும் ஓட்டியிருக்கும்.