மலை முதலாளி, கடல் கணக்குப்பிள்ளை

பொம்மையார்பாளையத்தில் பெருமழை விட்ட மறுநாள் கடலைப் பார்த்திருக்கிறீர்களா? செம்மண் ஓடைகள் கரையோரத்தைச் சிவப்பாக்கியிருக்கும். கரை ஏன் அரிக்குதுன்னு கேட்டால் ஒரே பதில்: புதுச்சேரித் துறைமுகச் சுவர். பெரும்பாலும் சரிதான். ஆனால் அந்த ஒற்றைப்பதில் பழக்கம் ஆழ்கடலில் உதவாது.

ஜோசப் கர்ரே, டேவிட் மூர் 1971-ல் எழுதிய கட்டுரையின் தலைப்பே வங்க ஆழ்கடல் விசிறியின் வளர்ச்சியையும் இமயமலையின் தேய்வையும் முடிச்சுப் போடுகிறது. சுமார் 3000 கி.மீ. நீள வண்டல் விசிறி; கனம் சில இடங்களில் 16 கி.மீ. மலையேறாமலே மலையின் தேய்வை வாசிக்கலாம் என்பது அபாரமான யோசனை. சிக்கல், அந்தத் தலைப்பை மட்டும் நாம் பிடித்துக்கொண்டதில். மலை முதலாளி, கடல் வெறும் கணக்குப்பிள்ளை!

வண்டல் கூடியதென்றால் மலை உயர்ந்திருக்கலாம். பருவமழை வலுத்திருக்கலாம். பனியுகத்தில் கடல்மட்டம் இறங்கி, ஆறுகள் மண்ணை ஆழத்தின் விளிம்புக்கே கொண்டுபோயிருக்கலாம். வங்கக்கடலில் இதுவும் முழுசாப் பொருந்தாது. கங்கை முகத்துவாரத்துக்கு எதிரே உள்ள கடலடிப் பள்ளத்தாக்கு வழியாக, கடல்மட்டம் உயர்ந்திருக்கும் இன்றும் மண் இறங்குகிறது. போதாததற்கு, விசிறியின் கால்வாய்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் மணல் நின்றுபோனால் மழை பொய்த்தது என்று அர்த்தமில்லை. கால்வாய் பக்கத்தில் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

2015-ல் ஒரு சர்வதேச ஆய்வுக்குழு எட்டு டிகிரி வடக்கில், ஏறத்தாழ நாகர்கோவிலின் அட்சரேகையில், 320 கி.மீ. நீளத்துக்கு ஏழு இடங்களில் துளையிட்டது இதனால்தான். நாமோ ஒரு சிறுகதையைப் படித்துவிட்டு எழுத்தாளரையே முடித்துவிடுகிறோம்.