ஒரு நாட்டுக்கு ஒரு எண்: ஹாஃப்ஸ்டெட் மீது சில கேள்விகள்

வெளிநாட்டு கிளையன்ட்டுகளோடு வேலை செய்கிற ஐ.டி. கம்பெனிகளில் கலாச்சாரப் பயிற்சி என்று ஒன்று நடக்கும். அதில் அடிக்கடி ஒரு ஸ்லைடு வரும்: இந்தியா 77, அமெரிக்கா 40, டென்மார்க் 18. "அதிகார இடைவெளி"க்கான மதிப்பெண்ணாம். மேலே இருப்பவர் மேலே, கீழே இருப்பவர் கீழே என்பதை ஒரு சமூகம் எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொள்கிறது என்பதன் அளவு. அதனாலதான் இந்தியர்கள் மேனேஜரிடம் "முடியாது"ன்னு சொல்ல மாட்டாங்க என்று விளக்கமும் கொடுத்துவிடுவார்கள். எல்லோரும் தலையாட்டுவோம். இந்த 77 எங்கிருந்து வந்தது?

நெதர்லாந்துக்காரரான கீர்ட் ஹாஃப்ஸ்டெட் கொடுத்தது. 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். பல நாடுகளில் தன் ஊழியர்களிடம் நடத்திய சர்வேக்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்கள். அவற்றை வைத்து அவர் 1980-இல் வெளியிட்ட புத்தகத்தின் மேல்தான் இந்தப் பயிற்சிகளில் பெரும்பாலானவை நிற்கின்றன. ஒரே கம்பெனி, ஒரே மாதிரி வேலை. அப்புறமும் பதில்கள் மாறினால் அதற்கு நாட்டுப் பண்பாடுதானே காரணம்? இதுதான் அவர் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். அதிகார இடைவெளிக்கு அடிப்படை மூன்றே மூன்று. மேலதிகாரியோடு கருத்து வேறுபாட்டைச் சொல்ல ஊழியர்கள் எவ்வளவு அடிக்கடி பயப்படுகிறார்கள்? உங்கள் அதிகாரி எப்படி முடிவெடுக்கிறார்? எப்படிப்பட்ட அதிகாரி உங்களுக்குப் பிடிக்கும்? இதில் கடைசிக் கேள்விதான் ஒருவருடைய விருப்பத்தைக் கேட்கிறது. முதல் இரண்டும் அந்த ஆபீஸ் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்கின்றன. வேலை போனால் வேறு வேலை கிடைப்பது கஷ்டம் என்ற ஊரில் ஒருவர் வாயை மூடிக்கொண்டிருந்தால், அது பண்பாடா, வாடகைக் கவலையா? இரண்டையும் பிரித்துக் காட்ட அந்தக் கேள்விகளுக்கு வழியே இல்லை.

மாதிரிக்கு வருவோம். அந்தக் காலத்து இந்தியாவில் ஐ.பி.எம். வேலையில் இருந்தவர்கள் எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள்? இங்கிலீஷ் படித்த, நகரத்து, சின்னஞ்சிறு கூட்டம். 2002-இல் பிரெண்டன் மெக்ஸ்வீனி எழுதிய விமர்சனம் இதைத்தான் பிடித்தது. பாகிஸ்தானில் முதல் சர்வேக்குக் கிடைத்தவர்கள் 37 பேர், இரண்டாவதற்கு 70 பேர் என்று அவர் எடுத்துக்காட்டினார். புத்தகம் வருவதற்குள், 1978-இல், ஐ.பி.எம். இந்தியாவை விட்டே போய்விட்டது. எண் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. பின்னாளில் பெல்ஜியத்தையும் சுவிட்சர்லாந்தையும் மொழிவாரியாகப் பிரித்து ஹாஃப்ஸ்டெட் தனித்தனி மதிப்பெண் கொடுத்தார். நியாயம்தான். ஆனால் இத்தனை மொழியும் சாதியும் உள்ள இந்தியாவுக்கு ஒரே 77. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் வாழும் மலேசியாவுக்கு ஒரே 104. (ஆமாம், நூறைத் தாண்டித்தான். சூத்திரம் போட்ட பிறகு சேர்த்த நாடு அது.)

அவருக்கு நியாயமாக ஒன்று சொல்லியாக வேண்டும். நாட்டுச் சராசரியை எடுத்துத் தனிமனிதர் மேல் ஒட்டக்கூடாது என்று அவரே எச்சரித்திருக்கிறார். நாடுகளுக்கிடையே வேலைப் பழக்கத்தில் வித்தியாசம் இல்லவே இல்லை என்று சொல்ல நானும் வரவில்லை. ஆனால் ஸ்லைடு போடுகிறவர்கள் எண்ணை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

இதில் நஷ்டம் யாருக்கு? மீட்டிங்கில் பேசாத ஜூனியருக்குத்தான். அவளுடைய மௌனத்துக்கு "இந்தியப் பண்பாடு"ன்னு பேர் வைத்துவிட்டால், போன தடவை அவள் பேசியபோது என்ன நடந்தது, யார் குறுக்கே விழுந்தார், அப்ரைசலில் அது எப்படி வந்தது என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. பேசவிடாத மேனேஜருக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைக்கமாட்டார். அதே பெண் கேன்டீனில் அந்த புராஜெக்ட் ஏன் தேறாது என்று பிட்டுப் பிட்டு வைப்பாள். பண்பாடு அங்கே எங்கே போகிறது?

அடுத்த தடவை அந்த ஸ்லைடு வந்தால் பயிற்சியாளரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அந்த மூன்று கேள்விகளையும் பேர் எழுதாத சீட்டில், டீம் வாரியாக, இந்த ஆபீஸிலேயே கேட்கலாமா? ஒரே மாடியில் இரண்டு டீமுக்கு எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று பார்த்துவிட்டு டென்மார்க்குக்குப் போகலாம்.