கசிந்த குறிப்பும் அமானிதமும்

மதராஸ் கவர்னர் சர் சார்ல்ஸ் ட்ரெவெலியனை ஏழைகளுக்காகப் பதவி இழந்தவர் என்று சிலர் புகழ்வார்கள். அரசாங்க இரகசியத்தைக் காக்கத் தெரியாதவர் என்று சிலர் இகழ்வார்கள். இரண்டுமே அரைகுறைத் தீர்ப்பு என்பது என் கருத்து.

1857 கிளர்ச்சியை அடக்கிய செலவால் இந்திய அரசாங்கம் கடனில் கிடந்தது. நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் 1860 பெப்ரவரியில் வருமான வரியை முன்வைத்தார். செலவைக் குறைத்தாலே போதும், புதிய வரி ஆபத்து என்றார் ட்ரெவெலியன். கல்கத்தாவுக்கு எழுதியதோடு நிற்காமல், தன் ஆட்சேபக் குறிப்பைப் பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டார். லண்டன் அவரைத் திருப்பி அழைத்தது. அந்த இடத்துக்குப் போனவர் நம்ம இலங்கைக் கவர்னர் சர் ஹென்றி வார்ட். போன சில வாரங்களில் வாந்திபேதியில் இறந்துபோனார்.

சபையில் பேசியது அமானிதம் என்று நமக்குச் சின்ன வயதிலேயே ஓதித் தந்திருக்கிறார்கள். உண்மைக்குச் சாட்சி சொல்வது கடமை என்றும் ஓதித் தந்திருக்கிறார்கள். இரண்டும் மோதினால், அந்த அமானிதம் யாருடையது என்று பார்க்க வேணும். வரி குடிகளின் காசு. அதைப் பற்றிய குறிப்பும் குடிகளுடையதே. இந்த அளவில் ட்ரெவெலியன் செய்தது சரி.

ஆனால் குடிகள் மீதுள்ள பரிவால்தான் செய்தார் என்று சொல்ல ஏலாது. 1840களின் அயர்லாந்துப் பஞ்சத்தில், லண்டன் திறைசேரியில் இருந்து நிவாரணப் பணத்தை இறுக்கிப் பிடித்தவரும் இவரே. செலவைக் குறை என்ற அதே கொள்கைதான் அங்கே பட்டினியானது, இங்கே பரிவாகத் தெரிகிறது.

தண்டனையையும் பாருங்கள். சில வருடங்களுக்குள் வில்சன் இருந்த அதே பதவியில் ட்ரெவெலியனை அமர்த்தினார்கள். 1889இல் கல்கத்தாவின் அம்ரித பஜார் பத்திரிகா, காஷ்மீர் பற்றிய இரகசியக் குறிப்பொன்றை வெளியிட்டபோதோ, அதே வருடம் அரசாங்க இரகசியச் சட்டமே வந்தது. வெள்ளைக்காரக் கவர்னர் கசியவிட்டால் ஒழுங்குமீறல். சுதேசிப் பத்திரிகை போட்டால் குற்றம்.

இந்த ஏற்றத்தாழ்வு கவர்னர்களோடு போய்விடவில்லை. இலங்கையிலும் 1955இல் அரசாங்க இரகசியச் சட்டம் வந்தது. மேலிடத்துக்காரர் 'உள்வட்டாரத் தகவல்' என்று பத்திரிகைக்குச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. எல்லயில் ஓர் ஆசிரியர், தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்த காசு எங்கே என்று பேசினால், தாபன விதிக்கோவை முன்னால் வந்து நிற்கும். 2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அந்தக் கேள்வியை எந்தப் பிரசையும் எழுத்தில் கேட்க வழி தந்திருக்கிறது. பெரிய மனிதர் ஒருவர் கசியவிடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நம்ம ஜமாஅத்துகள் அந்த விண்ணப்பத்தை எழுதப் பழக வேணும்.